கிளியரா என்று கேட்காதீர்கள்

போன வாரம் பயிற்சி வகுப்பில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டு இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கத்தியது சரிதான். ஏன் கத்தினேன் என்று சொல்லத்தான் விடவில்லை. நடுவில் டீ வந்தது, அந்தச் சாக்கில் பொறுப்பாளர் என்னைச் சமாதானப்படுத்தி வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். மிச்சத்தை எழுதிக் கொடுங்கள், நகல் எடுத்து எல்லாருக்கும் தந்துவிடுகிறோம் என்றார். அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராகச் சேரப்போகும் உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். லைனில் வேலை செய்தவர்கள் முடித்துவிட்டார்கள், இனி கரண்ட் விடலாம் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? முன்வரிசையில் இருந்த பெண் பட்டென்று எழுந்து, “லைன்மேன் போன் பண்ணி கிளியர்னு சொல்லுவாருங்க மேடம்” என்றாள். மற்றவர்கள் எல்லாம் தலையாட்டினீர்கள். அப்போதுதான் கத்தினேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டதை நானும் பார்த்தேன். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் சொன்ன அந்த ஒரு சொல்லின் மேல்தான் கோபம். அதை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு திரிந்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் என் மேலும் கோபம்.

இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்கு அந்தச் சொல் என்னென்ன வேலை செய்கிறதோ எனக்குத் தெரியாது. நம் தர்மபுரியில் அது செய்யாத வேலை இல்லை. வயிறு கிளியராகப் போகிறதா என்று டாக்டர் கேட்கிறார். படிக்கட்டைக் கிளியர் பண்ணச் சொல்லி கண்டக்டர் விசிலை ஊதுகிறார். பாதிக் கல்லூரி அரியரைக் கிளியர் பண்ண அலைந்துகொண்டிருக்கிறது. ஆடி மாதம் துணிக்கடையில் ஸ்டாக் கிளியர். எக்ஸ்ரே பார்த்தவர் நெஞ்சு கிளியர் என்றால் நமக்கு மூச்சு வருகிறது. நிலம் வாங்கப் போனால் பத்திரம் கிளியரா என்று கேட்கிறோம். கல்யாணத் தரகர் பையன் கிளியர் என்றால் குடிக்கமாட்டான் என்று பொருள். பெரும்பாலும் அது பொய். சந்தேகத்தைத் தீர்ப்பது, கூட்டத்தை விலக்குவது, ஒன்றைக் காலி செய்வது, பரீட்சையைத் தாண்டுவது, காதில் நன்றாக விழுவது, குற்றம் இல்லை என்பது, இத்தனைக்கும் ஒரே சொல். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல் இருக்கிறது. நமக்குத்தான் வாயைத் திறந்து அதைச் சொல்லச் சோம்பல்.

என் தங்கை வீட்டுக்காரர் மொரப்பூர் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். ரயில்வேயிலும் லைன் கிளியர் என்று உண்டு. அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுத்தால் இங்கிருந்து ரயிலை விடலாம். நம்மிடம் லைன் கிளியர் கொடுத்தால் அந்த லைனில் கரண்ட் வரவே கூடாது, ஆள் ஏறப்போகிறார் என்று பொருள். பொங்கலுக்கு உட்கார்ந்து சாப்பிடும்போது அவர், “நாங்க கிளியர்னா வரும், நீங்க கிளியர்னா வராது, நல்ல துறைங்க ரெண்டும்” என்பார். எல்லாரும் சிரிப்போம். நானும் சிரித்துவிட்டு அடுத்த வடையை எடுத்தேன். யோசித்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

அதைவிடப் பெரிய கூத்து நம் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது. காலையில் லைன்மேன் வந்து லைன் கிளியர் வாங்குகிறார். அதற்குக் கரண்ட் விடாதே என்று பொருள். மதியம் அதே லைன்மேன், அதே வாயால், போனில் கிளியர் என்கிறார். அதற்குக் கரண்ட் விடு என்று பொருள். ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்கும், சுவிட்சைப் போடு என்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் முப்பது நாற்பது வருடம் சர்வீஸ் போடுகிறோம். இதில் யாருக்கும் கூச்சம் இல்லை. எனக்கும் அந்த ஏப்ரல் மாதம் வரை இருந்ததில்லை.

நான் அப்போது மலையடிவாரப் பக்கம் ஒரு துணை மின்நிலையத்தில் ஆபரேட்டர். எது என்று கேட்க வேண்டாம். முந்தின நாள் சூறைக்காற்றில் வத்தல்மலைக்குப் போகும் லைன் மேல் புளியங்கிளை ஒன்று ஒடிந்து விழுந்திருந்தது. காலை பத்து மணிக்கு லைன்மேன் மாதையன் வந்து லைன் கிளியர் வாங்கினார். நான் சுவிட்சைத் திறந்து கரண்டை நிறுத்தினேன், ஆள் வேலை செய்கிறார் என்ற பலகையை மாட்டினேன், ரிஜிஸ்டரில் அவர் பெயரை எழுதினேன். அதே வரியின் கடைசியில் இன்னொரு கட்டம் இருக்கும். வேலை முடிந்ததும், வாங்கியவரே திருப்பிக் கொடுத்தார் என்று எழுதுவதற்கான கட்டம். அது நிறையும் வரை சுவிட்சைத் தொடக்கூடாது. இதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது, நான் புதிதாகச் சொல்லவில்லை.

மாதையனோடு போனவர் பச்சையப்பன். நாற்பது வயதுக்காரர், வத்தல்மலையில் சாமை போடும் குடும்பம். ஒன்பது வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. அவர் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். ‘காண்ட்ராக்டைக் கூப்பிடு’ என்பார்கள். கம்பம் ஏறுகிற வேலை எல்லாம் அவருக்குத்தான். நிரந்தரம் ஆகிவிடும் என்று ஒன்பது வருடமும் ஏறிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மலையடிவாரத்தில் ஒரு கட்டடத் திறப்பு விழா. பெரிய மனிதர் ஒருவர் வருகிறார். மைக் செட் போட்டிருக்கிறார்கள், ஜெனரேட்டர் வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. பதினொன்றரை மணிக்கு மேலதிகாரி போன் செய்தார். பன்னிரண்டுக்கு இன்னொரு தடவை. பன்னிரண்டேகாலுக்கு மூன்றாவது தடவை. “என்னம்மா, இன்னும் கிளியர் ஆவலையா? மேடையில ஆளுங்க உக்காந்துட்டாங்க. நீ போன் போட்டுக் கேட்டாத்தான் ஆவும்” என்றார்.

ஆபரேட்டருக்கு லைன் தெரியாது. கம்பம் தெரியாது, கம்பத்தின் மேல் இருக்கிற ஆள் தெரியாது. நமக்குத் தெரிவது ஒரு சுவிட்சும் ஒரு போனும்தான். போனில் வருகிற சொல்லை நம்பித்தான் சுவிட்சைப் போடுகிறோம். லைன்மேன்தான் நம்மைக் கூப்பிட வேண்டும், நாம் அவரைக் கூப்பிட்டு அவசரப்படுத்தக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ரிஜிஸ்டர் என் முன்னால் திறந்துதான் இருந்தது. கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் போனை எடுத்தேன்.

மலைப்பாதையின் வளைவுகளில் டவர் சரியாகக் கிடைக்காது. நாலாவது தடவை மணி அடித்தது. “மாதையண்ணா, வேலை முடிஞ்சுதா, லைன் கிளியரா?” என்று கேட்டேன். கரகரவென்று ஒரு சத்தம். பிறகு மாதையன் குரல்: “கிளியர் மேடம், கிளியர்.” அதோடு இணைப்பு அறுந்துவிட்டது.

நான் பலகையை எடுத்தேன். சுவிட்சைப் போட்டேன்.

மாதையனுக்கு என் கேள்வியில் கடைசிச் சொல் மட்டும்தான் கேட்டிருக்கிறது. நான் பேசுவது கிளியராகக் கேட்கிறதா என்று கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார். கேட்கிறது என்று சொல்லிவிட்டு, மேலே ஆள் இருக்கிறது, இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்று அவர் சொன்னது எனக்கு வந்து சேரவே இல்லை. அவர் சொன்னதில் தப்பு இல்லை. நான் கேட்டதுதான் கேள்வியே இல்லை.

போட்ட மறு விநாடியே சுவிட்ச் தானாகத் திறந்துகொண்டது, அலாரம் அடித்தது. அதற்குள் மேலதிகாரியின் போன். வந்த கரண்ட் உடனே போய்விட்டதே என்றார். லைனில் ஏதோ கோளாறு என்றேன். கிளை ஏதாவது உரசியிருக்கும், இன்னொரு தடவை போட்டுப் பார் என்றார். அது ஒன்றும் ஊரில் இல்லாத யோசனை இல்லை. திறந்துகொண்டால் இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பது வழக்கம்தான், நானே பல தடவை செய்திருக்கிறேன். அவர் மேலதிகாரி, நான் ஆபரேட்டர். கை சுவிட்ச் வரைக்கும் போனது.

போடமாட்டேன் சார் என்றேன். ஏன் என்று கேட்டார். லைன்மேன் என்னோடு பேசாமல் போடமாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அவர் கத்தினார். நானும் கத்தினேன். என்னுடைய சர்வீஸில் நான் செய்த உருப்படியான காரியம் என்று ஏதாவது இருந்தால் அதுதான்.

பன்னிரண்டு நிமிடம் கழித்து மாதையன் கூப்பிட்டார். அழுதுகொண்டு பேசினார்.

பச்சையப்பன் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறார். உயிர் இருந்தது. ஏன் இருந்தது என்பதைக் கவனமாகப் படியுங்கள். மேலே ஏறியதும் கம்பிகளைப் பூமியோடு இணைக்கிற எர்த் ராடை மாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறார். யாரும் பார்க்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. இந்த அவசரத்துக்கு அதெல்லாம் எதற்கு என்று மாதையனே கேட்டிருக்கிறார். “இருக்கட்டுங்கண்ணா, ரெண்டு நிமிசம்தானே” என்று மாட்டியிருக்கிறார். நான் விட்ட கரண்ட் அந்த ராடு வழியாகப் பூமிக்குப் போனது. ராடுக்குப் பக்கத்தில் இருந்த வலது கை அப்போது பறந்த தீப்பொறியில் வெந்தது. மூன்று விரல்கள் போயின. இரண்டாவது தடவையும் நான் போட்டிருந்தால் ஆள் போயிருப்பார் என்று பிறகு ஒரு இன்ஜினியர் சொன்னார்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் மூன்று நாள் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பச்சையப்பன் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ராஜேஸ்வரி எனக்கு உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான்தான் சுவிட்சைப் போட்டவள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார். “பெரியாபீசர் வந்திருந்தாருங்க மேடம். எல்லாம் கிளியர் பண்ணிடலாம்னு சொன்னாரு. எங்கூட்டுக்காரர் கிட்ட ரேகை வாங்கிட்டுப் போனாரு. அப்படின்னா வேல போட்டுக் குடுத்துருவாங்கதானுங்களே?”

பச்சையப்பனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கைப் பெருவிரல். என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். படித்துக் காட்டவில்லை என்றார்.

மறுநாள் அந்தக் காகிதத்தை நான் படித்தேன், ஏனென்றால் என் கையெழுத்தும் அதற்கு வேண்டியிருந்தது. லைன் கிளியர் முறைப்படி திரும்பப் பெறப்பட்டது, அதன் பிறகு ஒப்பந்தப் பணியாளர் யாருக்கும் தெரிவிக்காமல் தானாகவே மறுபடி கம்பத்தில் ஏறினார், விபத்துக்கு அவருடைய கவனக்குறைவே காரணம். கீழே அவருடைய பெருவிரல் ரேகை. அதற்குப் பக்கத்தில் மாதையன் கையெழுத்து. எர்த் ராடைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்த நாளில் அங்கே கவனமாக வேலை செய்த ஒரே ஆள் அவர்தான். அவர் பெயரில் கவனக்குறைவு என்று எழுதி, அவர் விரலையே பிடித்து அழுத்தியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். “மேடம், உங்களுக்கும் நல்லது, லைன்மேனுக்கும் நல்லது. காண்ட்ராக்ட் ஆளு, அவனுக்கு என்ன ஃபைலா இருக்கு கெட்டுப்போறதுக்கு? போட்டு விடுங்க, கிளியராயிடும்.”

அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சொல்லின் முழு அர்த்தமும் பிடிபட்டது. ராஜேஸ்வரிக்கு அது தீர்த்துவைப்பது. அதிகாரிக்கு அது துடைத்துப்போடுவது. ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், பொய் சொன்னதாக யாரும் அவரைப் பிடிக்க முடியாது. இந்தக் காகிதம் நின்றுவிட்டால் பச்சையப்பன் வேலையில் அடிபட்டவர் ஆகமாட்டார். தானாக ஏறித் தானாகக் கையைச் சுட்டுக்கொண்ட ஆள் ஆவார். வைத்தியமும் அவர் பாடு, பிழைப்பும் அவர் பாடு.

நான் போடவில்லை. நல்லவள் என்பதால் அல்ல. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, அவ்வளவுதான். ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி அந்தக் காலிக் கட்டத்தை அதிகாரியின் மேசை மேல் விரித்து வைத்தேன். திரும்பப் பெறப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, எங்கே பெறப்பட்டது, காட்டுங்கள் என்றேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து என் வாக்குமூலத்தை எழுதினேன். லைன்மேன் திருப்பிக் கொடுக்கவில்லை, நான்தான் கூப்பிட்டேன், கிளியரா என்று கேட்டேன், கிளியர் என்ற பதிலை வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன், பணியாளர் எர்த் ராடு மாட்டியிருந்ததால்தான் சுவிட்ச் திறந்துகொண்டது. விழாவுக்காக மூன்று தடவை போன் வந்ததையும் நேரத்தோடு எழுதினேன்.

லைனைச் சார்ஜ் செய்ததற்கு, அதாவது கரண்ட் விட்டதற்கு, எனக்குச் சார்ஜ் மெமோ கொடுத்தார்கள். அது நியாயம். ஹொகேனக்கல் ரோட்டில் இன்னொரு நிலையத்துக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. மூன்று தடவை போன் செய்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓய்வு பெறும்போது சால்வை போட்டார்கள், நானும் போய்க் கைதட்டாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். பச்சையப்பன் வேலையில் அடிபட்டவர்தான் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். வைத்தியம் நடந்தது. நிரந்தர வேலை பரிசீலனையில் இருக்கிறது. இன்றைக்கும் பரிசீலனையில்தான் இருக்கிறது. மாதையன் தன் கையெழுத்தைத் திரும்ப வாங்கவே இல்லை. சீசனுக்கு ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார். வாங்கிக்கொள்வேன். அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், நானும் கேட்கமாட்டேன்.

நான் ஓய்வு பெறும்போது கிளார்க் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். உங்கள் மேல் ஒரு பழைய ஃபைல் நிலுவையில் இருக்கிறது மேடம், இதில் ஒரு கையெழுத்துப் போட்டால் கிளியரன்ஸ் கொடுத்துவிடலாம். வாங்கிப் படித்தேன். வார்த்தைகளை மாற்றி எழுதியிருந்தார்கள், விஷயம் அதேதான், பணியாளரின் கவனக்குறைவு என்று மூன்றாவது வரியில் இருந்தது. காகிதத்தை நாலாக மடித்து அவர் டீ கிளாசுக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். நான் இன்றைக்கும் கிளியர் ஆகாதவள்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது உங்களிடம் கேட்பது இதுதான். போனில் அந்தச் சொல்லைப் பேசாதீர்கள், அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லாதீர்கள், அந்தச் சொல்லை நம்பிச் சுவிட்ச் பக்கம் போகாதீர்கள். எத்தனை பேர் ஏறினீர்கள் என்று கேளுங்கள். ஏறினவர் கையில் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் தன் பெயரைச் சொல்லி, தரையில் நிற்கிறேன் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். டவர் கிடைக்கவில்லையா, கிடைக்கும் இடத்துக்கு நடந்து வரட்டும். மேடையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்திருக்கட்டும். மாற்றலாகிப் போன நிலையத்தில் நான் இருந்தவரை இப்படித்தான் நடந்தது. லைன்மேன்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கே பழகிவிட்டது. போன் எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல், ‘முருகன், தரையில நிக்கிறேன்’ என்பார்கள்.

அந்தப் பெண்ணிடம் மட்டும் தனியாக ஒன்று. நீ கண் கலங்கினதை நினைத்து எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. ஆனாலும் நீ மறுபடி அப்படியே பதில் சொன்னால் நான் மறுபடி கத்துவேன்.

இதை எழுதுவதற்கு முன்னால் பச்சையப்பனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நேற்றுப் போன் செய்தேன். அவர் இப்போது மலையிலேயே இருக்கிறார். மிளகு பறிக்கவும் ஏற முடியாது, புளி உலுக்கவும் முடியாது. மற்றவர்கள் ஏறுகிறபோது கீழே நின்று சாக்கைப் பிடிக்கிறார். அவர் கதையை, பெயரோடு, புதிதாகச் சேருகிறவர்களுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்க என்றார். போனில் கரகரவென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் பேசுவது கேட்கிறதா என்று கேட்க வாய் எடுத்து, எந்தச் சொல்லைப் போட்டுக் கேட்பது என்று தெரியாமல் அதை விட்டுவிட்டேன். எங்கே இருக்கீங்க பச்சையப்பன் என்று மட்டும் கேட்டேன்.

“தரையிலதாங்க மேடம் நிக்கிறேன்” என்றார். “ஆறு வருசமா.”